ஜீவ அணுவின் பாகப்பிரிவினை

சென்னையிலிருந்து ஜோலார்ப்பேட்டைக்குப் போகும் ரயில் வண்டியில் ஆம்பூர் நெருங்கிவிட்டது என்பதைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு அறிந்துகொள்ளும். ஒரு பக்கம் பிரியாணியின் மணம். மற்றொரு பக்கம் பதனிட்ட தோலின் நெடி. இவ்விரண்டுக்கும் நடுவே பல்லாயிரம் குடும்பங்களின் ஜீவனம் நடந்து வருகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டியும் அதற்கு அண்மையிலும் உள்ள ஊர்களில் தோலை நம்பிப் பிழைப்பவர்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்கள் தைக்கும் பாதரட்சைகள் கடல் கடந்து ஐரோப்பிய நகரங்களின் வீதிகளில் நடக்கின்றன.

முற்காலத்தில் இத் தோல்களை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டார்கள். அது பல வாரங்கள் பிடிக்கும் வேலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் சென்னைக் கலைப் பள்ளியில் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறையைப் பரீட்சை செய்து காட்டினார். அம் முறையில் வாரக் கணக்கில் செய்த வேலை ஓரிரு நாளில் முடிந்துவிடும். பிற்பாடு பல்லாவரத்துக்கு அருகே தோன்றிய தொழிற்சாலையின் பெயரால் ஓர் ஊரே குரோம்பேட்டை ஆயிற்று. இன்று ஆம்பூரில் குரோமிய நீரிலிருந்து எடுக்கும் ஈரத் தோல் வானத்தைப்போல் இளநீலமாயிருக்கும். அந்த நீலம் கழுவிய நீரில் போகும். நீர் வாய்க்காலில் போகும். வாய்க்கால் எங்கே போகும் என்பதைப் பற்றித்தான் வழக்கு மன்றங்களில் பல வருஷம் வாதம் நடந்தது.

இந்தக் குரோமியத்தின்மேல் சாட்டப்படும் குற்றம் யாது? "விஷம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அவ்வளவு போதாது. அது ஜீவ அணுவுக்குள் புகுந்து எந்த வேலையைக் கெடுக்கிறது என்று அறிந்துகொள்வதற்கு, அணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது நடக்கிற ஒரு பாகப்பிரிவினையை நாம் முதலில் பார்த்தாக வேண்டும். ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்லிவிடலாம். குரோமியம் என்ற பெயரும், நம் உடலின் பரம்பரைச் சொத்தைத் தாங்கும் குரோமோஸோம் என்ற பெயரும், நிறத்தைக் குறிக்கும் ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தவை. முன்னதன் உப்புக்கள் பல வர்ணமாயிருப்பதால் அதற்கு அப்பெயர் வந்தது. பின்னது சாயத்தை நன்றாக ஏற்றுக்கொண்டு நுண்ணோக்கியின் அடியில் பளிச்சென்று தெரிந்ததால், 1888-ல் ஜெர்மானியரான வால்டையர் அதற்கு அப்பெயரிட்டார். பெயரில் பங்காளிகள், நடத்தையில் பகையாளிகள்.

மனித உடலின் ஜீவ அணு ஒவ்வொன்றிலும் 46 குரோமோஸோம்கள் உண்டு. அவற்றிலுள்ள இழையை முடிச்சவிழ்த்து நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளும். அவ்வளவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு உருண்டைக்குள் மடிந்து கிடக்கிறது. அணு பிரிவதென்றால் சொத்தைப் பாதியாக வெட்டுவது அல்ல. முதலில் 46 பத்திரங்களுக்கும் ஒவ்வொரு நகல் எடுக்கப்படுகிறது. நகல் அத்தனை நேர்த்தி. மூலம் எது, பிரதி எது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பிறகு ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று மூத்தவனுக்கு, ஒன்று இளையவனுக்கு. இதில் ஒரு ஜோடி முழுவதும் ஒருவனிடம் போய்ச் சேர்ந்தால் அவனுக்கு 47, தம்பிக்கு 45. அண்ணன் தம்பி இருவரும் கெட்டார்கள். நம் எலும்புக்குள்ளே ரத்த அணுக்கள் விநாடிக்கு இருபது லட்சம் வீதம் பிறந்துகொண்டிருக்கின்றன என்பதை நினைத்தால், இந்தக் கணக்கு எத்தனை முறை சரியாக வரவேண்டும் என்பது விளங்கும்.

ஜோடியைப் பிரித்து வைப்பது பிற்பாடு. அதற்கு முன் சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும். இல்லையேல் எது எதற்கு இணை என்பதே தெரியாமற் போகும். இதற்காக ஒருவகைப் புரதம் வளையம்போல் இரண்டு பிரதிகளையும் சுற்றி அணைத்து நிற்கிறது. கல்யாணத்தில் மணமக்களின் கைகளைச் சேர்த்துக் கட்டுவதைப்போல என்று சொல்லலாமென்றால், இங்கே கட்டுவது பிரிப்பதற்காகவே!

இனி பிரிக்கும் கருவியைப் பார்ப்போம். ஒரு காலத்தில் நம் வீடுகளில் ராட்டை சுழன்றது. நூல் சுற்றிய கதிர் நடுவில் பருத்தும் இரு முனையில் கூர்ந்தும் இருப்பதைக் குழந்தைகளும் அறிந்திருந்தார்கள். பிரியப் போகும் அணுவுக்குள்ளும் அதே வடிவில் ஒன்று தோன்றும். சென்ற நூற்றாண்டுக்கு முந்தியதில், வால்தர் பிளெமிங் முதலான ஜெர்மானிய விஞ்ஞானிகள் அதை அலுக்காமல் வரைந்து வைத்தார்கள். தமிழிலும் அதற்குக் கதிர் என்ற பெயரே பொருந்தும். இக் கதிரின் இழைகள் உள்ளே துவாரமுள்ள குழல்கள். 40,000 குழல்களைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் அகலம் வரும்.

இந்தக் குழல்கள் கதிரின் இரு முனைகளிலிருந்து வளர்ந்து, குரோமோஸோம் ஒவ்வொன்றின் இடுப்பிலுள்ள பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் அவற்றுக்கு வழிகாட்டுவார் யாருமில்லை. ஒரு குழல் நீளும். ஒன்றும் அகப்படாவிட்டால் சட்டென்று சிதைந்து சுருங்கிவிடும். மறுபடி வேறு திசையில் நீளும். 1984-ல் மிட்சிஸன், கிர்ஷ்னர் என்ற இருவர் இந்த ஓயாத வளர்ச்சியையும் சிதைவையும் கண்டு சொன்னபோது, அணு இவ்வளவு வீண் செலவு செய்கிறதே என்று தோன்றியிருக்கலாம். வீண் செலவல்ல. இருட்டறையில் திறவுகோலைத் தேடுகிறவன் கையை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தால் என்ன பயன்?

துழாவிப் பிடிப்பதில் தவறு நேராமலிருக்குமா? நேரத்தான் செய்கிறது. சில சமயம் ஜோடியின் இரண்டு பிரதிகளையும் ஒரே முனையிலிருந்து வந்த குழல்கள் பற்றிக்கொள்ளும். அப்படியே விட்டுவிட்டால் இரண்டும் ஒருவனிடமே போய்ச் சேரும். கண்ணும் காதும் இல்லாத அணு இந்தத் தப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதற்கு விடை கண்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் நிக்லஸ். அவர் மயிரினும் நுண்ணிய கண்ணாடி ஊசியை, உயிருடன் இருக்கும் வெட்டுக்கிளியின் அணுவுக்குள் செலுத்திக் குரோமோஸோமையே பிடித்திழுத்தவர். அந்தக் கையின் நிதானத்தை என்னவென்று சொல்வது! தேர் வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு புறமும் இழுத்தால் கயிறு விறைத்து நிற்கும். ஒரு புறம் மட்டும் இழுத்தால் தொய்ந்து போகும். ஜோடியை எதிரெதிர் முனைகள் பற்றியிருந்தால் நடுவில் விறைப்பு உண்டாகிறது; ஒரே முனை பற்றியிருந்தால் விறைப்பு இல்லை. விறைப்பில்லாத பிடியை அணு அறுத்துவிட்டு மறுபடி தேடச் சொல்லுகிறது. தப்பாகப் பிடித்திருந்த ஒரு குரோமோஸோமை நிக்லஸ் தம் ஊசியால் இழுத்து, பொய்யான விறைப்பை உண்டாக்கினார். 1969-ல் அவரும் அவருடைய சகாவும் வெளியிட்டபடி, அவர் இழுத்துக்கொண்டிருந்த வரையில் அந்தத் தப்பான பிடி விடவேயில்லை. அணு ஏமாந்தது! பிடியை அறுக்கும் வேலையைச் செய்வது அரோரா பி என்ற புரதம் என்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

பிடிகளைத் திருத்துவதற்கு அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தைக் கொடுக்கும் ஏற்பாடுதான் இந்தக் கதையில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்யப் போனவர்களுக்குத் தெரியும்: பங்காளிகள் எல்லாரும் கையெழுத்திட்டு, எங்கோ வெளியூரிலிருக்கும் ஒரே ஒருவர் மட்டும் வரவில்லையென்றால் அன்று காரியம் நடவாது, அத்தனை பேரும் திண்ணையில் காத்திருக்க வேண்டியதுதான். அணுவிலும் அப்படியே. 46 ஜோடிகளில் 45 ஜோடி சரியாகப் பிடிபட்டு, ஒன்று மட்டும் ஓரமாகத் திரிந்துகொண்டிருந்தால், அந்த ஒன்றின் பிடியிலிருந்து "பொறு, பொறு" என்ற செய்தி ஓயாமல் புறப்பட்டு அணு முழுவதும் பரவுகிறது. அது அடங்கும் வரையில் பிரிவினை இல்லை.

இச் செய்தியை எழுதும் மரபணுக்களை 1991-ல் அமெரிக்காவில் இரண்டு கூட்டத்தார் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். தோசை மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு உறவான ஈஸ்ட் என்ற காளான்தான் அவர்களுடைய பரீட்சைப் பிராணி. கதிரைக் கெடுக்கும் மருந்தைக் கொடுத்தால் ஈஸ்ட் பிரியாமல் காத்திருந்து பிழைத்துக்கொள்ளும். சில வகைகள் மட்டும் காத்திராமல் அவசரப்பட்டுப் பிரிந்து மாண்டன. காத்திருக்கத் தெரியாத அவற்றில் கெட்டுப்போயிருந்த மரபணுக்களுக்கு 'மாட்' என்றும் 'பப்' என்றும் பெயர் வைத்தார்கள். முன்னது இங்கிலீஷில் பைத்தியத்தைக் குறிக்கும் சொல் போலவே ஒலிப்பது தற்செயலல்ல என்று ஊகிக்கலாம். விஞ்ஞானிகளும் சிரிப்பார்கள் போலும்.

செய்தி அந்தப் பிடியிலிருந்துதான் வருகிறதா என்ற சந்தேகத்தையும் 1995-ல் தீர்த்துவைத்தார்கள். எலிக் கங்காரு என்ற ஆஸ்திரேலியப் பிராணியின் அணுக்களில், கடைசியாகப் பிடிபடாமல் நின்ற ஒரே பிடியை லேஸர் ஒளியால் ரீடர் என்பவரும் அவருடைய சகாக்களும் சுட்டுப் பொசுக்கினார்கள். குரோமோஸோம் பிடிபடாமல் அங்கேயே நின்றது. ஆனால் "பொறு" என்று சொல்ல வாய் இல்லை. சிறிது நேரத்தில் அணு பிரிந்துவிட்டது.

கடைசிக் கையெழுத்தும் விழுந்தவுடன் நடப்பது அதிவேகம். கத்தரிபோன்ற ஒரு புரதம் அதுவரை உறையிலிடப்பட்டிருக்கிறது, உறை அழிகிறது, கத்தரி வளையங்களை எல்லாம் அறுத்தெறிகிறது. 46 ஜோடிகளும் ஏககாலத்தில் பிரிந்து இரு முனைகளை நோக்கி நகரும் காட்சியை நுண்ணோக்கியில் ஒருமுறை கண்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

இவ்வளவு காவலிருந்தும் கள்ளன் புகுவதுண்டு. ஒரே பிரதியை இரண்டு முனைகளும் பிடித்திழுத்தால் அங்கே விறைப்பும் உண்டு, பிடியும் காலியாக இல்லை. காவலுக்கு அந்தப் பிழை தெரியாது. ஈஸ்டில் ஒரு குரோமோஸோம் வழி தவறுவது ஏறக்குறைய லட்சம் பிரிவினைக்கு ஒரு முறை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெண்ணின் கருமுட்டைகளிலோ நிலைமை வேறு. அவை அவள் பிறப்பதற்கு முன்பே உருவாகி, குரோமோஸோம்களை வளையமிட்டுக் கட்டிவைத்து, முப்பது நாற்பது வருஷம் காத்திருக்கின்றன. இத்தனை காலத்தில் கட்டுத் தளர்ந்துபோகிறது. 21-வது குரோமோஸோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைந்தால் குழந்தைக்கு டவுன் நிலை ஏற்படுகிறதென்பதை 1959-ல் பாரிஸில் லெஜூனும் அவருடைய சகாக்களும் தெரிவித்தார்கள். அப்படிப்பட்ட குழந்தையைப் பெற்ற தாயை, கிரகணத்தில் வெளியே வந்தாள் என்றும், பூர்வ ஜன்மப் பாவம் என்றும் இன்னும் சில வீடுகளில் பேசுகிறார்கள். முப்பது வருஷம் காவல் காத்த ஒரு வளையம் நெகிழ்ந்ததற்கு யாரைக் குற்றம் சொல்வது?

உடலின் மற்ற அணுக்களில் கணக்குத் தவறினால் பெரும்பாலும் அவை மடிந்துபோகும். மடியாமல் பிழைத்துக்கொண்டால்தான் ஆபத்து. கடல் முள்ளெலியின் முட்டைகளைக் கொண்டு ஆராய்ந்த போவேரி என்ற ஜெர்மானியர், தப்பான குரோமோஸோம் கணக்கே புற்றுநோயின் வித்தாயிருக்கலாமென்று 1914-லேயே எழுதினார். இன்று பெரும்பாலான கட்டிகளின் அணுக்களில் குரோமோஸோம் கணக்குக் குழம்பியிருப்பது தெரிந்த விஷயம்.

கதிரைக் கெடுக்கும் மருந்து என்று மேலே சொன்னோம். அப்படிப்பட்டவற்றில் பேர்போன இரண்டு நம் நாட்டு மண்ணில் வளர்கின்றன. ஒன்று, தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தள். அதன் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு உண்டு. குழல்களை உருவாகவொட்டாமல் தடுப்பது அதன் தொழில். கிழங்கைத் தின்றவர்கள் இறந்துபோவதும் உண்டு. ஆனாலும் மூட்டுவாத மருந்துக்காக அதையே மூலனூர்ப் பக்கத்தில் பந்தலிட்டு வளர்த்து விதை விற்கிறார்கள். மற்றொன்று, வேலியோரத்தில் யாரும் நட்டு வளர்க்காமலே பூத்திருக்கும் நித்தியகல்யாணி. அதிலிருந்து எடுக்கும் மருந்து குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. அவசரமாகப் பிரியும் புற்றணுக்களின் கதிரைக் கலைத்து, "பொறு" என்ற செய்தியை அடங்காமல் ஒலிக்கச் செய்து, அவற்றை மாய்ப்பதுதான் அதன் உபாயம்.

கோல்ச்சிசினைக் கொண்டு அழிவு மட்டுமல்ல, ஆக்கமும் செய்யலாம். இதற்கு நம்மவரே சாட்சி. 1897-ல் தலைச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1931-ல் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்ற ஜானகி அம்மாள், கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பை மக்காச்சோளத்தோடும் பிற புல்லினங்களோடும் கலந்து குரோமோஸோம் எண்ணியவர். இங்கிலாந்து சென்றபின், டார்லிங்டன் என்பவருடன் சேர்ந்து, பயிர் செய்யும் செடிகளின் குரோமோஸோம் கணக்கையெல்லாம் திரட்டி 1945-ல் ஒரு பெரு நூல் வெளியிட்டார். பிறகு விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுக்களுக்குக் கோல்ச்சிசின் இட்டார். கதிர் கலைந்தது, நகலெடுத்த குரோமோஸோம்கள் பிரிய வழியின்றி ஒரே அணுவில் தங்கின, கணக்கு இரட்டித்தது, பூவும் பெரிதாயிற்று. அவ்வகை மக்னோலியா ஒன்று அவருடைய பெயரைத் தாங்கி இன்றும் பூக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பதே அபூர்வமாயிருந்த நாளில் இவ்வளவும் செய்த அம்மாளின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் எத்தனை வரி பெற்றிருக்கிறதென்று குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள்.

குரோமியத்திடம் திரும்புவோம். அதில் இரண்டு நிலைகள் முக்கியம். தோலைப் பதனிட உதவுவது மூன்றாம் நிலைக் குரோமியம். அது அணுவுக்குள் எளிதில் நுழையாது. ஆறாம் நிலைக் குரோமியமோ, உடலுக்கு வேண்டிய கந்தக உப்பைப் போல வேஷம் போட்டுக்கொண்டு வாசல் வழியாகவே உள்ளே போய்விடும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 1990-ல் இதை ஐயமின்றிப் புற்றுநோய் தரும் பொருள்களின் வரிசையில் வைத்தது. அமெரிக்காவில் ஜான் வைஸ் என்பவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில், மனித நுரையீரல் அணுக்களைக் குரோமேட் துகள்களோடு பல நாள் வைத்து வளர்த்துப் பார்த்தார்கள். கதிருக்கு இரண்டு முனை இருக்க வேண்டிய இடத்தில் மூன்று, நான்கு என்று முனைகள் பெருகின. குரோமோஸோம் கணக்குத் தவறியது. 2010-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு இன்னும் கவலை தருவது: காவல் சொல்லும் "பொறு" என்ற சொல்லையும் அந்த அணுக்கள் மீறிப் போயின. கண்ணாடிப் பாத்திரத்திலுள்ள அணுவுக்கு நேர்ந்தது ஆம்பூர்த் தொழிலாளிக்கு நேர்ந்தே தீருமென்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அநியாயம். ஆனால் மூன்றாம் நிலைக் குரோமியத்திலும் ஒரு பகுதி, தோல் வெகுவாகச் சூடேறினாலும் வெளிச்சத்தில் வாடினாலும் ஆறாம் நிலைக்கு மாறக்கூடும். மேலும், ராணிப்பேட்டையில் குரோமேட் உப்புத் தயாரித்த ஆலையொன்று சுமார் இருபது வருஷம் நடந்து, 1990களின் நடுவில் மூடப்பட்டபோது, லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவைக் குன்றாகக் குவித்துவிட்டுச் சென்றது. அதில் மழை பெய்தால் மஞ்சள் நீர் கசிந்தது.

1996 ஆகஸ்டு 28-ந் தேதி, வேலூர்ப் பிரஜைகள் நலச் சங்கத்தார் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்று அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. இதில் உப்புக்கும் பங்கு உண்டு. பழியெல்லாம் குரோமியத்தின் தலையில் கட்டலாகாது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற நியாயமும், தீங்கு நிச்சயமாக நிரூபிக்கப்படும் வரையில் கைகட்டியிராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற நியாயமும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதிகள் அத் தீர்ப்பில் நிலைநாட்டினார்கள். ஐரோப்பியக் கூட்டமைப்போ, சருமத்தில் படும் தோல் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் ஆறாம் நிலைக் குரோமியம் இருக்கலாகாதென்று 2015 மே மாதத்திலிருந்து விதித்திருக்கிறது. அணிபவரின் பாதத்துக்கு இவ்வளவு நுட்பமான தராசு. பதனிடுபவரின் கைக்கும் அவர் வீட்டுக் கிணற்றுக்கும் அதே தராசை நாம் பிடிக்கிறோமா என்று கேட்பதில் தப்பில்லை.

ஆம்பூரிலிருந்து வேலூர் வெகு தூரமல்ல. அங்கே கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியில் குரோமோஸோம்களைப் பரிசோதிக்கும் கூடம் உண்டு. ரத்தப் புற்று இருக்குமோ என்ற சந்தேகத்தோடும், குழந்தையின் வளர்ச்சியைப் பற்றிய கவலையோடும் இப்படிப்பட்ட கூடங்களுக்கு ரத்தம் அனுப்பப்படுகிறது. பரிசோதிக்கும் முறை எளிதில் விளங்கக்கூடியது. ரத்தத்தின் வெள்ளணுக்களை மூன்று நாள் வளர்ப்பார்கள். அவை பிரியத் தொடங்கும் சமயத்தில் செங்காந்தள் நஞ்சின் நெருங்கிய உறவான ஒரு மருந்தைச் சொட்டு விடுவார்கள். கதிர் கலைந்து, பாகப்பிரிவினை நட்டநடுவில் நின்றுபோகும். பிறகு உப்புக் குறைந்த நீரை விட்டால் அணு உப்பி, குரோமோஸோம்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகிக் கிடக்கும். 1952 வரையில் இந்தத் தந்திரம் தெரியாமல் மனிதனுக்கு 48 என்றே உலகம் நம்பிக்கொண்டிருந்தது. அதன் உதவியால், ஜாவாவில் பிறந்த டிஜியோ என்பவரும், வெங்காய வேரில் கோல்ச்சிசினைப் பரீட்சித்துப் பழகிய ஸ்வீடன் தேசத்து லெவானும் சேர்ந்து 46 என்று எண்ணி 1956-ல் அச்சிட்டார்கள். கண்ணாடித் தகட்டில் துளியை விட்டு, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். ஓர் அணுவை எண்ணி நிறுத்துவதில்லை. வழக்கமாக இருபது அணுக்களையாவது பார்த்த பிறகுதான் சீட்டில் கணக்கு எழுதுவார்கள்.